சமைக்க வந்த அக்காவுக்குக் கதை சொன்ன நாள்

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். இயக்குநர், முப்பத்து நான்கு வயது, ஒரு படம் எடுத்து அது ஓடாமல் போனவர். அவருடைய உதவி இயக்குநர்கள் இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண். தயாரிப்பு நிறுவனத்திலிருந்து வந்திருந்த மேனேஜர். சமைக்க வந்த அக்கா. நான். வேன் டிரைவர் டயருக்குக் காற்றடிக்க ஜமுனாமரத்தூர் போயிருந்தார், அவரைச் சேர்க்கவில்லை. யார் யார் இருந்தார்கள் என்று பிறகு பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆறுதான்.

கூடம் என்றது காவலூர் ரோட்டில் ஒரு தனியார் விடுதியின் முன்னறை. நான்கு அறை, ஒரு சமையல்கட்டு. பத்து நாளைக்கு மொத்தமாக எடுத்திருந்தார்கள். என் சிறுகதை ஒன்றைப் படமாக்குவதற்கான டிஸ்கஷன். அன்றைக்கு ஐந்தாவது நாள்.

நான் டைலர். மலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் கடை. அப்பா வாணியம்பாடிக்காரர், அவர் வீட்டில் உருது. தோல் மண்டி வேலையை விட்டுவிட்டு மலையில் புளியும் கடுக்காயும் வாங்கி இறக்குகிற வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். அம்மா ஆந்திராவில் குப்பம் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். இரண்டு பேரும் சண்டை போட்டால் தமிழில்தான் போடுவார்கள். இரண்டு பேருக்கும் அது வீட்டு மொழி இல்லை, அதனால் சமமாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். காரணம் கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். சாயங்காலம் ஒரே பஸ். அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்கிற கவலையில் கடைசி இரண்டு பாடமும் காதில் விழாது. ஒரு நாள் நிஜமாகவே தவறவிட்டேன். நடந்து வந்து சேர்ந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து போகவில்லை. அந்தக் கவலை பிடித்த புத்திதான் பின்னால் கதையும் எழுத வைத்தது. நடக்காததை எல்லாம் நடந்த மாதிரி யோசிக்கிறவளுக்கு எழுதுவது பெரிய வித்தை இல்லை. தைத்துக்கொண்டே யோசித்து, துணி வெட்டுகிற மேசையில் நோட்டை வைத்து எழுதுவேன். சிறுபத்திரிகைகளில் வந்தது. பதினோரு கதை சேர்ந்து ஒரு புத்தகம் ஆனது. விற்காத பிரதிகள் இரண்டு அட்டைப்பெட்டியில் மிஷினுக்குக் கீழே இருக்கின்றன.

தெலுங்கு எழுத்து அம்மா காலண்டரை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அது இந்த மலையில் இப்படிப் பயன்படும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. இங்கிருந்து ஆந்திரா பக்கம் கூலிக்குப் போகிற ஆண்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வருகிற காகிதம் தெலுங்கில் இருக்கும். கோர்ட்டுக் காகிதம், ஜாமீன் காகிதம். வீட்டுப் பெண்கள் ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற மாதிரி கடைக்கு வந்து, வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து மடியிலிருந்து எடுப்பார்கள். படித்துச் சொல்வேன். அதற்குக் காசு வாங்கியதில்லை. வெளியே சொன்னதும் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமைக்க வந்த அக்காவும் அப்படி ஒரு காகிதத்தோடு வந்தவர்தான். அவர் வீட்டுக்காரர் குடகுக்குக் காப்பி பறிக்கப் போகிறேன் என்று கிளம்பி, நடுவழியில் ஒரு ஏஜென்டு பேச்சைக் கேட்டுச் செம்மரம் வெட்டப் போய் மாட்டிக்கொண்டார். பதினான்கு மாதம் உள்ளே இருந்தார். அக்கா வீட்டில் குடகு என்றே சொல்லி வைத்தார். மாமியார், ஏன் போன் வரவில்லை என்று கேட்க ஆரம்பித்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய், யாரும் இல்லாத போனில் சத்தமாகப் பேசிவிட்டு வருவார். மாமியாரும் கூடவே வந்து பாறைக்கு அடியில் உட்காருவாராம். எனக்கும் குடும்மா என்று கேட்டால், சிக்னல் போச்சி என்று சொல்லிவிடுவாராம். இதையெல்லாம் அக்கா ஒரு தடவை காகிதம் படித்து முடித்த பிறகு, சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் அதைக் கதையாக எழுதினேன். ஆனால் மலையை எடுத்துவிட்டேன். வாணியம்பாடியில் ஒரு சந்து, மொட்டைமாடி, துபாய் போனதாகச் சொல்லப்படுகிற புருஷன். ஜெயிலுக்கு ஏன் போனான் என்பதற்கு 'ஒரு கேஸ்' என்று இரண்டே வார்த்தை. மாமியாரை உருது பேச வைத்து, என் சொந்த அத்தையின் குரலை அவளுக்குக் கொடுத்தேன். அக்காவின் வீட்டைச் சேர்ந்த ஒரு தட்டுமுட்டுச் சாமான்கூட அதில் இல்லை. அதனால் அது என் கதை என்றே நம்பினேன்.

இயக்குநர் அந்தக் கதையைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்தார். ஒப்பந்தம், எழுபத்தைந்தாயிரம் முன்பணம். ஒப்பந்தத்தில் பதினேழு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவருக்குப் போன் செய்து சந்தேகம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பணம் வந்த வாரத்திலேயே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, மீதியில் ஓவர்லாக் மிஷின் வாங்கினேன். மலைப்பக்கம் அமைதியாக உட்கார்ந்து பேசலாம் என்று அவர்களே வந்தார்கள். சமைக்க ஆள் இருக்கா மேடம் என்று மேனேஜர் கேட்டபோது அக்காவைச் சொன்னதும் நான்தான். ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய் என்றார்கள். அக்காவுக்கு உதவுமே என்றுதான் பட்டது. கதை அப்போது வாணியம்பாடியில் பத்திரமாக இருந்தது.

சிறுகதையில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால், படிக்கிறவர் அவர் வீட்டில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்வார். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. இங்கே நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன கேஸ் என்று இயக்குநர் கேட்டார். கதையில் தேவைப்படவில்லை என்றேன். படத்தில் தேவைப்படும் என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை. யாராவது பேசாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும், என்மேல் கோபமோ என்று தோன்றும். மர கேஸ் என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாணியம்பாடிக்காரன் ஏன் மரம் வெட்டப் போனான்? மலையிலிருந்து போனான் என்றேன். அப்படியென்றால் மொட்டைமாடி எதற்கு, மலையில் சிக்னலுக்கு எங்கே போவார்கள்? பாறை என்றேன். துபாய் என்று சொன்னால் மலையில் யார் நம்புவார்கள்? குடகு என்று சொல்லுவார்கள் என்றேன். இப்படி நான்கு நாளில், நான் ஒரு மாதம் உட்கார்ந்து மாற்றியதை எல்லாம் நானே வரிசையாகத் திருப்பிக் கொடுத்தேன். உதவி இயக்குநர் பெண் ஒவ்வொன்றையும் வெள்ளைப் பலகையில் எழுதினாள். நல்ல கையெழுத்து. அவர்கள் என்னைப் பாராட்டினார்கள், அதுதான் கொடுமை. கதையில் இல்லாத எவ்வளவு விஷயம் உங்ககிட்ட இருக்கு என்றார்கள்.

ஐந்தாவது நாள் மத்தியானத்துக்கு முன்னால் இயக்குநர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதை ஒரு உருவத்துக்கு வந்ததும், சினிமாவோடு சம்பந்தமே இல்லாத ஒருவரை உட்கார வைத்து முழுசாகச் சொல்ல வேண்டும். வாட்ச்மேன், டீக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. கேட்கிறவர் எந்த இடத்தில் எழுந்து போகிறாரோ, வேறு பக்கம் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் கதை தொய்கிறது. கதையை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். அதுவும் பழக்கம்.

"அக்கா, அடுப்ப அணைச்சிட்டு இப்டி வந்து உக்காருங்க. ஒரு கதை கேளுங்க."

"எனக்கு இன்னா தெரியும் கதைய பத்தி," என்றார் அக்கா.

"அதுக்குத்தான் கூப்புடறேன்."

அக்கா முறத்தில் பூண்டை எடுத்துக்கொண்டு வந்து, சுவர் ஓரமாக உட்கார்ந்தார். பாத்ரூம் போய்விட்டு வந்தேன். தண்ணீர் குடித்தேன். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், சொல்லும்போதே கதையைத் திரும்ப வாணியம்பாடிக்கு ஏற்றி அனுப்பிவிடலாம் என்பதுதான்.

"வாணியம்பாடியில ஒரு சந்துக்குள்ள ஒரு வீடு," என்று ஆரம்பித்தேன்.

"மேடம், அது பழசு. மலையில ஆரம்பிங்க," என்றார் இயக்குநர்.

மலையில் ஆரம்பித்தேன். ஆனால் அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள் என்றேன். பாறைக்கு, என்று உதவி இயக்குநர் எடுத்துக் கொடுத்தார். துபாயில் இருக்கிற புருஷனோடு பேசுகிற மாதிரி என்றேன். குடகு, என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். நான் பதற்றத்தில் மறந்துபோகிறேன் என்று நினைத்து உதவி செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் மாற்றிச் சொல்ல, அவர்கள் திருத்த, நடந்தது நடந்தபடியே கூடத்தில் வந்து விழுந்தது. அக்கா பூண்டு உரித்துக்கொண்டே இருந்தார். எழுந்து போகவில்லை. வேறு பக்கமும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். ரசத்துக்குப் பத்துப் பல் போதும். அன்றைக்கு அரைக்கிலோ பூண்டும் உரிந்து கிடந்தது.

முடித்ததும் இயக்குநர் எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது," என்றார் அக்கா. முறத்தில் தோலை ஒதுக்கிவிட்டு, "அந்தப் பொம்பள போன்ல இன்னா பேசுவா? அத சொல்லவே இல்லியே," என்றார்.

இயக்குநர் துள்ளிவிட்டார். நான்கு நாளாக அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு நிஜமாகவே தெரியாது. புத்தகத்தில் அவள் அரிசி விலை பேசுவதாக எழுதியிருந்தேன். அதையே சொன்னேன்.

"அரிசி வெலையா," என்றார் அக்கா. "திட்டுவா. மாமியா காதுல வுழற அளவுக்கு நல்லா துன்னியா, ஜொரம் எப்டி கீதுன்னு கேப்பா. நடுநடுவுல வாய கையால மூடிக்கினு திட்டுவா. எதுல்லாம் நேர்ல திட்ட முடியாதோ அத்தனையும்."

எழுதிக்கோ எழுதிக்கோ என்றார் இயக்குநர். அந்தப் பெண் பலகையில் எழுதினாள். அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பார்த்தியா, எழுந்திரிக்கவே இல்ல, என்று இயக்குநர் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து அவர்கள் படுத்த பிறகு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். அக்கா குண்டான் விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு தட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"புஸ்தகத்துல மலை இல்லக்கா. வாணியம்பாடின்னுதான் போட்டேன்."

"அத கேக்கல. பலகையில கீறத யாரு சொன்னது?"

"நான்தான். கேட்டாங்க."

"கேட்டா சொல்லிடுவியா? காயிதம் படிக்கிறவ நீ."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மகளுக்குப் போளூர் பக்கம் பேசி முடித்திருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டிலும் குடகு என்றுதான் சொல்லி இருக்கிறதாம். படம் வர இரண்டு வருஷம் ஆகும், அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும் என்றேன்.

"அப்ப அது அங்க மருமவளா இருக்கும். படத்த பாத்துட்டு வூட்ல எல்லாரும் அது மூஞ்சிய பாப்பாங்க. இன்னும் மோசம்."

மாமியாருக்கு இன்னமும் தெரியாதா என்று கேட்டேன். வீட்டுக்காரர் திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, மேஸ்திரி வேலைக்குத் திருப்பூர் போய் வந்துகொண்டிருந்தார்.

"தெரியும்னுதான் நெனக்கிறேன். அப்பவே தெரிஞ்சிருக்கும். அது கேக்கல, நான் சொல்லல. ரெண்டு பேரும் ஒழுங்கா பாறைக்கு போய்ட்டு வந்தோம். இப்ப சினிமால வந்து சொன்னா, அப்புறம் எப்டி ஒரே வூட்ல ஒக்காந்து சோறு துன்றது?" குண்டானைக் கவிழ்த்தார். "வாணியம்பாடிலயே வெச்சிடச் சொல்லு. மலைய எடுத்துரு. ராத்திரிக்கு சப்பாத்தியா இட்லியான்னு அவங்கள கேட்டு சொல்லு."

இட்லி என்றார்கள்.

அன்று இரவு நான் தூங்காததைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன், நான் தூங்காத இரவுகள் நிறைய. பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன். காலையில் அதைப் பார்க்காமலே சொன்னேன். கதையை வாணியம்பாடிக்கே கொண்டுபோக வேண்டும் என்றேன். இயக்குநர் சிரித்தார். துபாய்க் கதை நூறு வந்தாயிற்று, மலை இல்லாமல் இந்தப் படம் இல்லை என்றார். அப்படியானால் கதையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இது ஒரு ஆளுக்கு நடந்தது, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன்.

"யாரு அது?"

அவர் காத்திருந்தார். மறுபடி கேட்டார். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரொம்பத் தன்மையாகப் பேசினார். "யாருன்னு சொல்லுங்க மேடம். ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம், அவங்களுக்கும் ஒரு தொகை குடுத்துடலாம். எல்லாருக்கும் நல்லது." நியாயமான பேச்சுதான். அக்காவுக்குப் பணம் தேவையாகவும் இருந்தது. ஆனால் பெயரைச் சொன்ன பிறகு அக்கா மாட்டேன் என்றால், பெயர் அவர்களிடம் இருக்கும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே தாளிக்கிற சத்தம் கேட்டது. சமையல்கட்டுப் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று எதிர்ச் சுவரில் இருந்த சுவிட்சுகளை எண்ணினேன். ஏழு. திரும்ப எண்ணினேன். நாக்கு நுனியில் ஏதேதோ வந்தது, மன்னிப்பு, பொய்ப்பெயர், அக்காவின் பெயரும். எதையும் விடவில்லை. மூன்றாம் தடவை இயக்குநர் கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி கதையை எழுதியவர் திரும்பப் பெற்றால் முன்பணம் முழுசும் திருப்ப வேண்டும், என்றார் மேனேஜர். பதினொன்றாம் பக்கம். எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்துக்கும் போன் செய்து சந்தேகம் கேட்டிருந்தேன். சரி என்றேன். கையில் அப்போது நாலாயிரம் இருந்தது.

இயக்குநரே ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். அவருக்கு யார் என்று புரிந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பிடும்போது அக்காவிடம் ரசம் நன்றாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். பத்து நாள் சமையல் கூலியையும் முழுசாகக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஏழாம் நாள் கிளம்பினார்கள்.

சீட்டு எடுத்து இருபதாயிரம் அனுப்பினேன். மீதிக்கு ஓவர்லாக் மிஷினை விற்கலாமா என்று விலை கேட்டுக்கொண்டிருந்தபோது இயக்குநரிடமிருந்து போன் வந்தது. எண்ணைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றே முடிவு செய்து, இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன். வேறொருவர் கதை, ஆம்பூர் பக்கம் நடக்கிறது, டிஸ்கஷனில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டார். ஒரு நாளைக்கு இரண்டாயிரம், கடனில் கழித்துக்கொள்ளலாம் என்றார். உங்களிடமிருந்து ஒரு விஷயத்தைப் பிடுங்க முடியாது என்று பார்த்துவிட்டேன், மற்றவர்கள் கதையில் எது குறைகிறது என்று சொன்னால் போதும் என்றார். கேலியா பாராட்டா என்று போனை வைத்த பிறகும் யோசித்தேன்.

இப்படித்தான் நான் சினிமா வேலைக்குப் போனேன். யாராவது கேட்டால், சிறுகதையிலிருந்து திரைக்கதைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், கடனை அடைக்க என்று சொல்வேன், நகைச்சுவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். போளூரிலிருந்து சென்னைக்குப் பஸ். ஏசி அறையில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் படித்தவர்கள். உருது பேசுகிற வீட்டில் மருமகள் மாமியாரை இப்படிக் கூப்பிட மாட்டாள், எல்லைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் கோபத்தில் தெலுங்குக்குப் போவார்களே தவிரத் தமிழுக்கு வர மாட்டார்கள், எங்கள் வீட்டைத் தவிர என்று சொல்வேன். எழுதிக்கொள்வார்கள். ஒரு காட்சியை உலகத்துக்கே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி யாராவது சொன்னால், இது யாருக்கு நடந்தது, அவர் இருக்கிறாரா என்று கேட்பேன். ஆரம்பத்தில் எரிச்சல் பட்டார்கள். இப்போது அந்த இடம் வந்தால் அவர்களே என்னைப் பார்க்கிறார்கள். இந்த ஒன்றரை வருஷத்தில் சிறுகதை ஒன்றும் எழுதவில்லை. வரவில்லை என்பதுதான் உண்மை. ஒரு வரி எழுதினால், இது எவள் மடியிலிருந்து எடுத்தது என்று கை நின்றுவிடுகிறது.

இதை மட்டும் எழுதலாமா என்று அக்காவிடமே கேட்டேன். கடையில் வைத்து முழுசும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தை மாற்றச் சொன்னார், மாற்றினேன். எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், அக்கா மகள் கல்யாணத்துக்கு ஆறு ஜாக்கெட் தைத்தேன். கூலி வேண்டாம் என்றால் கேட்கவில்லை, மிஷின்மேல் வைத்துவிட்டார். எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று அப்போதுதான் கேட்டார். மொத்தம் எழுபத்தைந்தாயிரம் என்றேன்.

"எழுவத்தி அஞ்சா," என்றார். "மொதல்லயே சொல்லியிருந்தா நானே கதைய வித்திருப்பேனே டைலரம்மா."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் எனக்கு அன்று முழுக்க அது ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் எவ்ளோ கீது என்று வாசலில் நின்று கேட்டார். சீட்டுப் பணம் இருபதாயிரம் போய்விட்டது, பதினான்கு நாள் உட்கார்ந்ததில் இருபத்தெட்டாயிரம் கழிந்தது, இன்னும் இருபத்தேழாயிரம் ரூபாய் தர வேண்டும் என்று சொன்னேன்.